அங்கே பி.இ. என்றால் வேறு

தமிழ் எழுத்தில் ஒரு சங்கடம் உண்டு. ‘பி.இ.’ என்று எழுதினால் நம்மூரில் அது நான்கு வருடப் பொறியியல் பட்டம். அமெரிக்காவில் ஒருவர் பெயருக்குப் பின்னால் வரும் ‘பி.இ.’யோ புரொஃபஷனல் எஞ்சினியர் என்பதன் சுருக்கம். அது மாநில அரசு தரும் தொழில் உரிமம். ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு. தமிழில் இரண்டும் ஒரே மாதிரி விழுந்துவிடுகின்றன.

குழப்பம் எழுத்தோடு நின்றால் பரவாயில்லை. திருச்சியில் சிவில் முடித்து, டெக்சாஸில் எம்.எஸ். படித்து, ஹூஸ்டனில் ஒரு டிசைன் அலுவலகத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர், தனியாகத் தொழில் தொடங்கி விசிட்டிங் கார்டில் ‘சிவில் எஞ்சினியர்’ என்று அச்சடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உரிமம் இல்லாவிட்டால் அந்த அட்டையே சட்டமீறல். “பட்டம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, இதில் என்ன தப்பு?” என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. இதற்குப் பதில் தேடினால் இணையத்தில் தேர்வுக் கட்டண விவரம்தான் குவிந்து கிடக்கிறது. உரிமம் எதற்காக வந்தது, எதைக் கட்டுப்படுத்துகிறது என்பதிலிருந்து தொடங்கினால் மீதி தானாகப் புரியும்.

உரிமம் எதைத் தடுக்கிறது?

மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. வேலை. பொதுமக்களின் உயிருக்கும் உடைமைக்கும் தொடர்புள்ள பொறியியல் வேலையை, உரிமம் இல்லாதவர் தன் பொறுப்பில் செய்து தரக்கூடாது. உரிமம் பெற்றவரின் கீழ் எத்தனை பேர் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம், டிராயிங் வரையலாம். அதற்குத் தடையில்லை.

2. பெயர். உரிமம் இல்லாதவர் தன்னைப் பொறியாளர் என்று பொதுமக்களிடம் விளம்பரப்படுத்திக்கொள்ளக்கூடாது. இது வேலையிலிருந்து தனியான தடை. கலிபோர்னியா இதற்கு நல்ல உதாரணம். அங்கே சிவில், எலெக்ட்ரிகல், மெக்கானிகல் மூன்றிலும் வேலையே காக்கப்பட்டிருக்கிறது. கெமிக்கல் போன்ற மற்றப் பிரிவுகளில் பெயர் மட்டும்தான். அந்த வேலையைச் செய்யலாம், பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ள மட்டும் உரிமம் வேண்டும்.

3. அதிகாரம். இந்த உரிமத்தை வாஷிங்டன் கொடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வாரியம், ஒரு சட்டம். டெக்சாஸில் உரிமம் வாங்கியவர் பக்கத்து லூயிசியானாவில் ஒரு பாலத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது. அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த வாரியங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டமைப்புதான் என்.சி.இ.இ.எஸ். தெற்குக் கரோலினாவின் கிரீன்வில்லில் இருக்கிறது. தேர்வு நடத்துவதும், மாநிலங்கள் பார்த்து எழுதிக்கொள்ள ஒரு மாதிரிச் சட்டம் தருவதும் அதன் வேலை. உரிமம் கொடுக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ‘என்.சி.இ.இ.எஸ். பாஸ் பண்ணிவிட்டேன், லைசென்ஸ் வந்துவிட்டது’ என்று சொல்பவர் பாதி வழியில் இருக்கிறார் என்று அர்த்தம்.

வாய்க்கால், அணை, பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் முதல் பொறியாளர் உரிமச் சட்டம் நியூயார்க்கிலோ சிகாகோவிலோ வரவில்லை. 1907இல், ஆள் அரிதான வயோமிங்கில் வந்தது. காரணம் தண்ணீர். வறண்ட பூமியில் ஆற்று நீரைத் திருப்பிப் பாசனம் செய்ய மாநிலத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு வரைபடம் தர வேண்டும். அந்த வரைபடங்களை வக்கீல்களும் நோட்டரிகளும் வரைந்து, ‘எஞ்சினியர்’ என்று கையெழுத்திட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாநிலத் தலைமைப் பொறியாளராக இருந்த கிளாரன்ஸ் ஜான்ஸ்டன் இதற்கு முடிவு கட்டக் கேட்டு வாங்கிய சட்டம் அது. வாய்க்கால் தகராறு தெரிந்த தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடு அரை அங்குலம் தள்ளி விழுந்தால் யாருடைய வயல் காயும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மற்ற மாநிலங்களை எழுப்பியவை சாவுகள். 1928 மார்ச் 12, நள்ளிரவுக்குச் சற்று முன். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்து 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதைக் கட்டிய வில்லியம் முல்ஹாலண்ட், அந்த நகரத்துக்கே தண்ணீர் கொண்டுவந்தவர், தானே படித்துப் பொறியாளரானவர். அவர் கணக்கை வெளியிலிருந்து வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. அடுத்த வருடமே கலிபோர்னியாவில் சிவில் எஞ்சினியர்களுக்கு உரிமச் சட்டம் வந்தது.

டெக்சாஸுக்கு ஒரு பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. 1937 மார்ச் 18, நியூ லண்டன் என்ற எண்ணெய்க் கிணற்று ஊர். செலவை மிச்சப்படுத்த, பக்கத்து எரிவாயுக் குழாயிலிருந்து சுத்திகரிக்காத வாயுவைப் பள்ளிக்கு இழுத்திருந்தார்கள். வாயுவுக்கு வாசனை இல்லை. கட்டடத்துக்கு அடியில் கசிந்து தேங்கியது யாருக்கும் தெரியவில்லை. பட்டறை வகுப்பில் ஒரு மின் இயந்திரத்தை முடுக்கியபோது பொறி பறந்து, ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். அந்த வருடமே டெக்சாஸ் இரண்டு காரியம் செய்தது. எரிவாயுவில் நாற்றமூட்டியைக் கலக்கக் கட்டாயமாக்கியது. பொறியாளருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. இன்று சிலிண்டர் கசிந்தால் நம் சமையலறையில் வரும் அந்த நெடிக்குப் பின்னால் இருப்பதும் இதே கவலைதான்.

மூன்று சம்பவங்களிலும் அரசு தேடியது ஒன்றே. வரைபடத்தின் மூலையில் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும், அவரைக் கூப்பிட்டுக் கேட்க முடிய வேண்டும். கம்பெனி கலைந்துபோகலாம், ஒப்பந்தக்காரர் ஊரை விட்டுப் போகலாம். உரிமத்தைக் கம்பெனிக்குக் கொடுத்து முடிக்காமல் ஆளுக்குக் கொடுத்தது அதனால்தான்.

ஐந்து படிகள்

மாநிலத்துக்கு மாநிலம் நுணுக்கம் மாறும். பொதுவான ஏணி இது.

1. பட்டம். ஏபெட் என்ற அமைப்பு அங்கீகரித்த பொறியியல் இளங்கலைப் பட்டம். ஏபெட் கல்லூரியை மொத்தமாக அங்கீகரிப்பதில்லை. ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியாகப் பார்க்கும்.

2. எஃப்.இ. தேர்வு. அடிப்படைத் தேர்வு. கல்லூரி கடைசி வருடத்திலோ முடித்த கையோடோ எழுதுவது. 110 கேள்விகள். மொத்தம் 6 மணி நேரம், அதில் கேள்விக்கு 5 மணி 20 நிமிடம். 2014 முதல் கணினியில்தான். சிவில், மெக்கானிகல், எலெக்ட்ரிகல் மற்றும் கணினி, கெமிக்கல், சுற்றுச்சூழல், தொழில்துறை, ‘இதர’ என ஏழு பிரிவுகள். சொந்தப் புத்தகம் கொண்டுபோக முடியாது. திரையில் ஒரு கையேடு வரும், சூத்திரங்கள் எல்லாம் அதில் இருக்கும். கால்குலேட்டரில்கூடக் குறிப்பிட்ட காசியோ, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், ஹெச்.பி. மாடல்களுக்கு மட்டுமே அனுமதி. இதில் தேறினால் ‘பயிற்சிப் பொறியாளர்’ என்று மாநில வாரியத்தில் பதிந்துகொள்ளலாம்.

3. அனுபவம். பெரும்பாலான மாநிலங்களில் 4 வருடம். முதுகலை முடித்திருந்தால் பல மாநிலங்கள் ஒரு வருடம் குறைக்கும். கலிபோர்னியாவில் அங்கீகரித்த பட்டமும் எஃப்.இ.யும் இருந்தால் 2 வருடமே போதும்.

4. பி.இ. தேர்வு. தன் துறையில் ஆழமான தேர்வு. சிவில் என்றால் 80 கேள்விகள், 8 மணி நேரம். கட்டுமானம், மண்ணியல், கட்டமைப்பு, போக்குவரத்து, நீர்வளமும் சுற்றுச்சூழலும் என்ற ஐந்தில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கலிபோர்னியா சிவில் ஆட்களுக்கு இது போதாது. நிலநடுக்க வடிவமைப்பு, நில அளவை என்று மாநிலமே நடத்தும் இரண்டு தேர்வுகளும் உண்டு. நிலம் ஆடும் ஊரில் அது நியாயம்தான்.

5. விண்ணப்பமும் பரிந்துரையும். வழக்கமாக ஐந்து பேரின் பரிந்துரை, அதில் மூன்று பேராவது உரிமம் பெற்ற பொறியாளர்கள். பல மாநிலங்களில் சட்டம், ஒழுக்கவிதி பற்றிய சிறு தேர்வும் சேரும்.

பலர் சறுக்குவது மூன்றாம் படியில். தேர்வுக்கு ராப்பகலாகப் படிப்பவர்கள் அனுபவத்தை நாட்காட்டிக் கணக்காக நினைத்துவிடுகிறார்கள். வாரியம் கேட்பது வேறு. முதல் வருடம் செய்த வேலையையே நான்காம் வருடமும் செய்திருந்தால் அது ஒரு வருட அனுபவம் நான்கு முறை. பொறுப்பு ஏறியிருக்க வேண்டும். எந்தக் கணக்கைப் போட்டீர்கள், எந்த முடிவை நீங்கள் எடுத்தீர்கள் என்று எழுத வேண்டும். ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுதும் நம் பழக்கம் இங்கே காலை வாரும். அடக்கமாக எழுதிய விண்ணப்பத்தில் விண்ணப்பதாரர் செய்த வேலை எது என்றே வாரியத்துக்குத் தெரியாமல் போகும். மேற்பார்வையிட்டவர் உரிமம் உள்ளவரா என்பதும் முக்கியம். சேர்ந்த முதல் நாளே ‘இங்கே யார் பி.இ.?’ என்று கேட்டு வைப்பது, நான்கு வருடம் கழித்து ஓடுவதைவிட மேல்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் அனுபவம் முடித்த பிறகே பி.இ. தேர்வு. இப்போது நெவாடா, கலிபோர்னியா, டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில் அனுபவம் முடியும் முன்பே தேர்வை எழுதிவிடலாம். உரிமம் மட்டும் அனுபவம் முடிந்த பின்தான். கல்யாணம், குழந்தை என்று வருவதற்குள் எழுதி முடிக்க வசதி.

இந்தியப் பட்டத்தோடு போகிறவருக்கு

பல நாடுகளின் பொறியியல் படிப்புகளை ஒன்றுக்கொன்று சமமாக ஏற்பதற்கான ஏற்பாடு வாஷிங்டன் உடன்படிக்கை. 2014 ஜூனில் இந்தியாவின் பாடப்பிரிவு அங்கீகார வாரியமான என்.பி.ஏ. அதில் முழு உறுப்பினரானது. அன்று முதல் ‘நம் டிகிரி அமெரிக்க டிகிரிக்குச் சமம்’ என்று கல்லூரி விளம்பரங்கள் முழங்குகின்றன. அதில் உண்மை கொஞ்சம், ஓட்டை நிறைய.

1. உடன்படிக்கை எல்லாப் பட்டத்துக்கும் பொருந்தாது. என்.பி.ஏ.யின் முதல் அடுக்கில், பெரும்பாலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்கு மட்டும். நீங்கள் பட்டம் வாங்கிய வருடத்தில் அந்த அங்கீகாரம் இருந்ததா என்பதும் கேள்வி.

2. உடன்படிக்கை படிப்பைப் பற்றியது, உரிமத்தைப் பற்றியது அல்ல. அமெரிக்காவின் சார்பில் அதில் இருப்பது ஏபெட். மாநில வாரியங்கள் அதில் கையெழுத்திடவில்லை. ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம்.

3. ஆகவே பெரும்பாலோர் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் பிரித்துப் பார்த்து, கணிதமும் அடிப்படை அறிவியலும் 32 கிரெடிட், பொறியியல் பாடங்கள் 48 கிரெடிட் இருக்கின்றனவா என்று எண்ணுவார்கள். பொறியியல் பாடத்தில் நம்மவர்களுக்கு இடிப்பது அரிது. வரலாறு, இலக்கியம், சமூகவியல் போன்ற பொதுப்பாடங்கள் நம் பாடத்திட்டத்தில் மெலிவாக இருப்பதால் சில வாரியங்கள் அங்கே குறை காட்டலாம். ஸ்ட்ரக்சுரல் டிசைனில் கில்லாடியாக இருப்பவர், உரிமத்துக்காக உள்ளூர்க் கல்லூரியில் தத்துவ வகுப்பில் உட்கார நேரலாம்.

4. ‘எம்.எஸ். இங்கேதானே படித்தேன்’ என்பது எப்போதும் செல்லாது. ஏபெட் பெரும்பாலும் இளங்கலையைத்தான் அங்கீகரிக்கிறது. அமெரிக்க முதுகலை இருந்தாலும் பல வாரியங்கள் இந்திய இளங்கலையைத் திரும்பிப் பார்க்கும். சில வாரியங்கள் மட்டும், அதே துறையில் ஏபெட் இளங்கலை நடத்தும் பல்கலைக்கழகத்தின் முதுகலையை ஏற்கின்றன. எந்த மாநிலம் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

ஒரு மாநிலத்தில் ஏறிவிட்டால் அடுத்த மாநிலம் சுலபம். பட்டம், தேர்வு, அனுபவம், பரிந்துரை எல்லாவற்றையும் என்.சி.இ.இ.எஸ்.இல் ஒரே கோப்பாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து எந்த வாரியத்துக்கும் அனுப்பச் சொல்லலாம். கட்டணம் மட்டும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி.

முத்திரையின் எடை

உரிமம் கிடைத்ததும் ஒரு முத்திரை வரும். பேச்சு வழக்கில் சீல், ஸ்டாம்ப். பெயர், உரிம எண், மாநிலம். அதை டிராயிங்கில் பதித்துக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். இன்று பெரும்பாலும் மின்முத்திரை. இதற்குப் பின்னால் உள்ள சட்டக் கருத்து ‘பொறுப்பான கட்டுப்பாடு’. அந்த வேலை நடந்த காலத்தில் முடிவுகள் உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். யாரோ முடித்துக் கொண்டுவந்த டிராயிங்கை வாங்கி, காசுக்கு முத்திரை குத்துவதற்கு ‘பிளான் ஸ்டாம்பிங்’ என்று பெயர். கணக்கு சரியாகவே இருந்தாலும் அது குற்றம்.

இந்தக் கருத்து எவ்வளவு கூர்மையானது என்பதை மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில் பார்க்கலாம். 1981 ஜூலை 17, ஹையாட் ரீஜென்சி ஹோட்டல். கீழ்த்தளத்தில் நடன விருந்து. தலைக்கு மேலே நான்காம் தள நடைபாலமும், அதற்கு நேர் கீழே இரண்டாம் தள நடைபாலமும் கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கின. இரண்டும் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள்.

முதல் வடிவமைப்பில் ஒரே நீளக் கம்பி கூரையிலிருந்து இறங்கி, நான்காம் தளப் பாலத்தைத் துளைத்து, இரண்டாம் தளப் பாலம் வரை போனது. அவ்வளவு நீளக் கம்பியில் மரை வெட்டி நட்டை ஏற்றுவது தொல்லை என்று எஃகு செய்தவர்கள் அதை இரண்டாக்கினார்கள். கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு ஒரு கம்பி, மேல்பாலத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு இன்னொன்று. பார்த்தால் ஒன்றுமில்லை போலிருக்கும். கிணற்றுக்குள் விட்ட ஒரே வடத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதை நினையுங்கள். இப்போது கீழே இருப்பவர் வடத்தை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். வடத்துக்குப் பாரம் அதேதான். மேலே இருப்பவரின் கைப்பிடிக்கு இரட்டிப்பு. மேல்பாலத்தின் நட்டு உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர்ந்தது அதுதான். பெட்டி போன்ற பீமைக் கிழித்துக்கொண்டு நட்டு மேலே வந்துவிட்டது. பின்னர் நடந்த விசாரணையில், முதல் வடிவமைப்பே விதிப்படி வேண்டிய பலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் கொண்டிருந்தது என்றும், மாற்றிய பின் அது பாதியாகிவிட்டது என்றும் தெரிந்தது.

அந்த மாற்றம் இருந்த ஷாப் டிராயிங், அதாவது எஃகு செய்பவர் வரைந்த விவர வரைபடம், பொறியாளர் அலுவலகத்துக்கு வந்து, அவர்கள் முத்திரையோடு திரும்பிப் போயிருந்தது. ‘இணைப்புகளை எஃகு செய்பவர் வடிவமைப்பது இத்துறையின் வழக்கம்’ என்று பொறியாளர்கள் தரப்பு வாதிட்டது. கிரிமினல் வழக்கு எதுவும் எழவில்லை. ஆனால் மிசௌரி வாரியம் இரண்டு பொறியாளர்களின் உரிமத்தைப் பறித்தது. 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அமெரிக்காவில் ஷாப் டிராயிங் சரிபார்க்கும் ஒவ்வொருவரும் படிக்கும் வழக்கு இது. நம்மூர் சைட்டில் ‘மேஸ்திரி பார்த்துக்குவார்’ என்று சொல்லும் முன் நினைத்துக்கொள்ளவும் உகந்தது.

‘நான் எஞ்சினியர்’ என்று சொன்னதற்கு 500 டாலர்

பெயரைக் காக்கும் சட்டம் எதுவரை போகலாம்? ஆரகன் மாநிலத்தில் இந்தக் கேள்வி வேடிக்கையாகத் தொடங்கி நீதிமன்றத்தில் முடிந்தது.

மேட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் சுவீடனில் மின்னணுப் பொறியியல் படித்தவர், பீவர்ட்டன் நகரவாசி. அவர் மனைவிக்குச் சிக்னல் கேமரா அபராதச் சீட்டு வந்தது. மனிதர் மஞ்சள் விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்ற சூத்திரத்தைத் தோண்ட ஆரம்பித்தார். அது 1959இல் வகுத்த சூத்திரம். நேராகப் போகும் வண்டிக்குச் சரி. வளைவதற்காக வேகத்தைக் குறைக்கும் வண்டி சந்திப்பைக் கடக்க அதிக நேரம் பிடிக்கும், சூத்திரத்தில் அது இல்லை என்று கண்டுபிடித்து மாநிலப் பொறியாளர் வாரியத்துக்கே எழுதினார். கடிதத்தில் ‘நான் எஞ்சினியர்’ என்றும் குறிப்பிட்டார்.

வாரியம் சூத்திரத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தது. உரிமமின்றிப் பொறியியல் தொழில் செய்ததாக 500 டாலர் அபராதம். அவர் வழக்குத் தொடுத்தார். 2018 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. காசு வாங்காமல், வாடிக்கையாளர் இல்லாமல், பொது விஷயத்தைப் பற்றிக் கணக்குப் போட்டுப் பேசுவது பேச்சுரிமை. ‘எஞ்சினியர்’ என்ற வெறும் சொல்லை மொத்தமாகத் தடுப்பதும் அரசியல் சட்டத்துக்கு முரண். ‘புரொஃபஷனல் எஞ்சினியர்’ என்று சொல்லிக்கொள்வது வேறு கதை, அது தடையாகவே நிற்கிறது. பின்குறிப்பாக ஒன்று: 2020இல் போக்குவரத்துப் பொறியாளர்களின் அமைப்பு, வளையும் வண்டிகளையும் கணக்கில் சேர்த்துத் தன் பரிந்துரையைத் திருத்திக்கொண்டது. மனிதர் சொன்னது சரிதான்.

என் பார்வையில் வாரியம் தோற்றது நல்லதே. டிராயிங்கில் கையெழுத்திடுபவரைக் கட்டுப்படுத்தக் கொடுத்த கோலை, கடிதம் எழுதுபவர் மேல் ஓங்கியது தவறு.

அப்படியானால் எல்லாருக்கும் ஏன் இல்லை?

கூகுளில், போயிங்கில், கார் தொழிற்சாலையில் ‘எஞ்சினியர்’ என்ற பதவியில் இருப்பவர்கள் பெரும்பாலோருக்கு இந்த உரிமம் கிடையாது, தேவையும் இல்லை. ‘தொழிற்சாலை விலக்கு’ என்று பல மாநிலச் சட்டங்களில் ஒரு பிரிவு உண்டு. பொருளை உருவாக்கி விற்கும் நிறுவனமே அந்தப் பொருளுக்குப் பொறுப்பு, அதன் ஊழியருக்குத் தனி உரிமம் வேண்டாம் என்பது வாதம். மத்திய அரசு வேலையில் இருப்பவர்களுக்கும் விலக்கு.

இந்த ஓட்டை 2018 செப்டம்பர் 13இல் வெடித்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ், ஆண்டோவர், வடக்கு ஆண்டோவர் ஊர்களில் ஒரே மாலையில் வீடு வீடாகத் தீ. பழைய இரும்பு எரிவாயுக் குழாயைக் கழற்றிப் புதியதை இணைத்தபோது, அழுத்தத்தை அளக்கும் சிறு குழாய்களைப் பழையதிலேயே விட்டுவிட்டார்கள். செத்த குழாயில் அழுத்தம் குறையக் குறைய, வாயு போதவில்லை என்று நினைத்த கருவிகள் வால்வை முழுதாகத் திறந்துவிட்டன. ஓர் இளைஞர் இறந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமாயின. அந்த வேலைத்திட்டத்தில் உரிமம் பெற்ற பொறியாளரின் முத்திரை இல்லை. விலக்கு இருந்ததால் சட்டப்படி அது தேவையும் இல்லை. விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விலக்கை நீக்கச் சொன்னது. அந்த வருடம் முடிவதற்குள் மாசசூசெட்ஸ் சட்டத்தை மாற்றியது. இதே விலக்கு வைத்திருந்த மற்ற மாநிலங்களுக்கும் பரிந்துரை போனது.

மென்பொருளில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1998இலேயே டெக்சாஸ் மென்பொருள் பொறியாளருக்கு உரிமம் தர முன்வந்தது. 2013இல் தனித் தேர்வும் வந்தது. அத்தனை வருடத்திலும் மொத்தம் 81 பேர்தான் எழுதினார்கள். 2019 ஏப்ரலோடு தேர்வை மூடிவிட்டார்கள். கையெழுத்துக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் முத்திரைக்கு வேலையில்லை.

கனடாவும் ஊரும்

ஒண்டாரியோவில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இருப்பதால் அதையும் சொல்லிவிடலாம். அங்கே உரிமத்தின் பெயர் ‘பி.எஞ்.’. தருவது மாகாண அமைப்பு. 48 மாத அனுபவமும் சட்டம்-ஒழுக்கவிதித் தேர்வும் உண்டு. கொழும்பிலும் பேராதனையிலும் படித்து வந்தவர்கள் பல காலம் முட்டிக்கொண்டது, அந்த அனுபவத்தில் ஒரு வருடம் கனடாவிலேயே பெற்றிருக்க வேண்டும் என்ற விதியில். உரிமம் இல்லாமல் வேலை கிடைக்காது, வேலை இல்லாமல் உரிமம் கிடைக்காது. 2023 மே மாதம் அந்த விதி போய்விட்டது. வெளிநாட்டு அனுபவமாக இருந்தாலும், தகுதியை விரிவாக எழுதி நிறுவினால் போதும்.

இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியல் பேரவை அமைந்து, பதிவு கட்டாயமானது. இந்தியாவில் அதுகூட இல்லை. வக்கீலுக்கு 1961 சட்டம், ஆர்க்கிடெக்டுக்கு 1972 சட்டம், ஆடிட்டருக்கு 1949 சட்டம். பொறியாளருக்கு நாடு தழுவிய சட்டம் எதுவும் நிறைவேறவில்லை. ‘சார்ட்டர்ட் எஞ்சினியர்’ என்பது பொறியாளர் சங்கம் தரும் அந்தஸ்து. மதிப்புள்ளதுதான், ஆனால் அது இல்லாதவரை வேலை செய்யவிடாமல் தடுக்காது.

தமிழ்நாட்டில் இருப்பது உள்ளாட்சி, திட்டக் குழும அளவிலான பதிவு. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பதிவுபெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று பிரித்து, யார் எதில் கையெழுத்திட வேண்டும் என்று வகுத்தன. படிப்பையும் அனுபவத்தையும் பார்த்துத்தான் பதிவு. அமெரிக்காவில் போல 8 மணி நேரத் தேர்வு இல்லை. இந்த விதிகளின் பின்னணியில் 2014 ஜூன் 28 இருக்கிறது. அன்று மாலை மழையில், சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதன் இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். உரிமையாளரோடு பொறியாளர்களும் கைதானார்கள். வழக்குப் போடலாம், உள்ளூர்ப் பதிவிலிருந்து பெயரை எடுக்கலாம். நாடு முழுக்கச் செல்லும் உரிமம் என்று ஒன்று இல்லாததால், நாடு முழுக்கப் பறிப்பதற்கும் ஒன்றும் இல்லை.